ஆரல்குறிச்சியில் தங்கிப்போன பாட்டு

பேரூராட்சிப் பூங்காவைத் திறந்துவைத்த அன்று மேடையேறிய ஒரு பாட்டு, வாசித்தவர்கள் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் போகாமல் அங்கேயே தங்கிவிட்டது என்று சொன்னால், ஆரல்குறிச்சிக்காரர்கள் யாரும் கண்ணை அகல விரிக்க மாட்டார்கள். ஆமா, தங்கிச்சு, அதுக்கென்ன இப்போ என்று கேட்டுவிட்டு வாழைத்தார் விலையைப் பேசப் போய்விடுவார்கள். பாட்டு எப்படித் தங்கியது என்பது சின்ன விஷயம். தங்கிய பாட்டோடு ஊர் எப்படிக் குடித்தனம் நடத்தியது என்பதுதான் கதை, அதை ஜெபக்கனி டீச்சரிலிருந்து தொடங்குவதுதான் நியாயம், ஏனென்றால் பாட்டை ஊருக்குள் கூட்டிவந்தவள் அவள்.

ஜெபக்கனி பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர், ஞாயிறு ஆராதனைக்கு முதல் பெஞ்சுக்காரி, கஞ்சி போட்ட காட்டன் சேலையில் ஒரு மடிப்பு கலையாதவள். ஆனால் எலக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் முழங்குகிற கச்சேரி பெங்களூரிலோ திருவனந்தபுரத்திலோ நடக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே சேலையோடு பஸ் ஏறிவிடுவாள், திங்கட்கிழமை காலையில் காது கும்மென்று அடைத்திருக்க, கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருப்பாள். டயர் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் தனராஜ், 'உனக்கு ஒரு பாட்டு முடியறதுக்குள்ள எனக்குச் சோறு ஆறிப்போயிருது' என்று சொல்வதோடு சரி, தடுத்ததில்லை, தடுத்தால் நிற்கிற ஆளும் இல்லை.

கச்சேரியைப் பற்றி அவளுக்குக் கருத்துகள் உண்டு, அவற்றைக் கேட்காமல் அவளோடு ஒரு டீ குடிக்க முடியாது. கேசட்டில் இருக்கிறபடியே மேடையில் வாசிக்கிறவன் ஆபீசுக்கு வந்திருக்கிறான், வாசிக்க வரவில்லை என்பாள். முன்வரிசையில் முண்டுகிறவர்கள் தங்களைக் காட்டிக்கொள்ள வந்தவர்கள், கேட்க வந்தவர்கள் நிற்கவேண்டிய இடம் சவுண்டுக்காரரின் மேசைக்குப் பக்கத்தில்தான், ஏனென்றால் அந்த மனுசன் தன் காதுக்குத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறான். டிரம்ஸ் தனியாகப் பேசும்போது பஜ்ஜி வாங்க எழுந்து போகிறவர்களை அவள் மன்னித்ததே இல்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் கோபம்கூட வராது, பாவம், நாளைக்குப் பார்க்கிறதற்காக இன்றைக்கு வராமல் போனவர்கள் என்று பரிதாபப்படுவாள். எல்லாவற்றுக்கும் மேலாக அவளுக்கு ஆகாதது, கூட்டத்திலிருந்து அந்தப் பாட்டு, இன்னொரு பாட்டு என்று கேட்டுக் கத்துவது. கடைக்குள் நுழைந்து 'ரெண்டு ரவா தோசை' என்று சொல்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பாள்.

ராக் வாசிக்கிறவர்களிலும் அவள் உயிரை விடுவது ஜாம் பேண்டுகளுக்காகத்தான். அவர்கள் ஒரு பாட்டைத் தொடங்குவார்கள், இரண்டு வரி பாடுவார்கள், அப்புறம் பாட்டு போகிற போக்கில் போய், ஒருவன் கேட்க ஒருவன் பதில் சொல்ல, எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள் என்று அவர்களுக்கே தெரியாமல் வாசித்துக்கொண்டிருப்பார்கள், நேற்று கேட்டது இன்று இருக்காது, இன்று கேட்பது நாளை கிடைக்காது. வாசிக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தால் யாரோ தப்புப் பண்ணிவிட்டான் என்று அர்த்தம், அந்தத் தப்பிலிருந்துதான் அன்றைய நல்ல பகுதி பிறக்கப்போகிறது, அப்போது மூச்சைக்கூட மெதுவாக விடவேண்டும் என்பாள். அவளுடைய கடைசிச் சட்டம் இது: டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைக்கிறவரை கை தட்டக் கூடாது, என்ன அமைதி வந்தாலும் சரி.

அவள் நிழல்போலத் தொடர்ந்த ஜாம் பேண்டின் பெயர் ஈரச்சாக்கு. நாகர்கோவில் பையன்கள் நான்கு பேர். ஆரம்பத்தில் ஆம்ப்ளிஃபையர் சூடாகிவிடும் என்று அதைச் சுற்றி ஈரச்சாக்கு போட்டு வாசித்ததால் அந்தப் பெயர். கிடார் நிக்சன், டிரம்ஸ் டைட்டஸ். 'தாழாக்குளம் ரோடு' என்று ஒரு பாட்டு வைத்திருந்தார்கள், 'ரோடு போகுது, நானும் போறேன்' என்ற ஒரே வரிதான், மீதியெல்லாம் வாசிப்பு. அது எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் ஓர் இடத்துக்கு வரும்போது நான்கு பேரும் சட்டென்று நின்றுவிடுவார்கள், அப்படியே ஓர் அமைதி, முடிந்துவிட்டதோ என்று நெஞ்சு பதறுகிற அளவுக்கு நீளமான அமைதி, அதன் பிறகு டைட்டஸ் ஒரே ஓர் அடி அடிப்பான், அதுதான் முடிவு. அந்த அமைதிக்காகவும் அந்த ஓர் அடிக்காகவும் ஜெபக்கனி எத்தனை பஸ்ஸில் எத்தனை இரவு கழுத்து வலிக்கத் தூங்கியிருக்கிறாள் என்பதை அவளே கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

பூங்காத் திறப்புக்கு ஏற்பாடு செய்திருந்த இன்னிசைக் குழு கடைசி நேரத்தில் கையை விரித்துவிட, பேரூராட்சித் தலைவர் சுடலைமுத்து அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, 'நான் ஒரு குழுவைக் கூட்டிட்டு வாரேன் அண்ணாச்சி' என்று ஜெபக்கனி சொன்னாள், ஈரச்சாக்கும் வந்தது. சினிமாப் பாட்டு கேட்க வந்த ஊர் முதலில் முழித்தது, அப்புறம் தலையாட்டியது, 'தாழாக்குளம் ரோடு' தொடங்கியபோது பெஞ்சில் இருந்த கிழவர்கள்கூட காலால் தாளம் போட்டார்கள், பாட்டு ஊருக்கு வெளியே சுற்றுகிற காற்றாலைகள் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது, கடைசியில் அந்த அமைதிக்கு வந்து நின்றது. சவுண்டு மேசை ஓரத்தில் ஜெபக்கனி கண்ணை மூடினாள். அப்போதுதான் சுடலைமுத்து அண்ணாச்சி, பாட்டு முடிந்துவிட்டது, பிள்ளைகளைக் காக்கவைக்கக் கூடாது என்று, கையில் தயாராக இருந்த மஞ்சள் பொன்னாடையோடு மேடையேறி, குச்சியை ஓங்கியபடி உட்கார்ந்திருந்த டைட்டஸின் தோளில் போர்த்தி, இரண்டு கையையும் சேர்த்து இழுத்துக் கட்டினாற்போல் அணைத்துக்கொண்டார். ஊர் கைதட்டியது. ஒருவர் மைக்கைப் பிடித்து நன்றியுரை ஆரம்பித்துவிட்டார். பொன்னாடைக்குள்ளிருந்து கையை எடுத்து அடிக்க டைட்டஸுக்கு மனம் வரவில்லை, பெரியவர் போர்த்தியதை உதறுவது எப்படி, குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான்.

பிள்ளைகள் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் பூங்காவைக் கூட்ட வந்த செல்வமணி, மேடையில் யாரும் இல்லாமல் பாட்டு மட்டும் நடந்துகொண்டிருப்பதைக் கேட்டாள், சற்று நின்றாள், மேடையைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனாள்.

கடைசி அடி கிடைக்காத பாட்டு அதைத் தேடிக்கொண்டு ஊரைச் சுற்றியது என்றுதான் சொல்லவேண்டும். காலையில் டீக்கடைப் பக்கம் மெதுவாக நடந்து, டீ ஆற்றுகிற காசிம் பாயின் கைவீச்சை எடுத்துக்கொண்டு, பத்து மணிக்குப் பள்ளிக்கூட மணியோடு கொஞ்சநேரம் விளையாடி, மதியம் வெயிலில் கிடாரை ஒற்றைக் கம்பியாகக் குறைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் படுத்து, மூன்று மணிக்கு மேல் குக்கர் விசிலையும் பள்ளிவாசல் பாங்கையும் மாரியம்மன் கோயில் மணியையும் தனக்குள் வாங்கி எதையும் கெடுக்காமல் திருப்பிக் கொடுத்து, பொழுது சாயும்போது பூங்காவுக்குத் திரும்பி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த அமைதிக்கு வந்து நிற்கும். அடிக்காகக் காத்திருக்கும். அடி வராது. அப்புறம் பெருமூச்சு விட்டாற்போல வேறொரு வழியாக மறுபடியும் தொடங்கும்.

அந்த அமைதிக்கு ஊர் 'நிப்பு' என்று பெயர் வைத்தது. முதல் சில நாள் நிப்பு வந்தபோது ஆளாளுக்கு ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், பிறகு பேசுவதற்குக் கூச்சமாக இருந்தது, பிறகு பேசவேண்டாம் என்று தோன்றியது. தோசைக்கல்லில் கரண்டி அந்தரத்தில் நிற்கும், டவுன் பஸ்காரர் கியரில் கை வைத்தபடி இஞ்சினை அணைத்துவிடுவார், பங்காளிச் சண்டைக்காரர்கள் திட்டுவதற்கு வாயைத் திறந்தவர்கள் திறந்தபடி நின்று, நிப்பு முடிந்தபோது என்ன திட்ட இருந்தோம் என்பதை மறந்துபோய் வீட்டுக்குப் போவார்கள். அந்த நேரத்தில்தான் காற்றாலை இறக்கைகளுக்கு ஒரு சத்தம் உண்டு என்பதை ஊர் கண்டுபிடித்தது, குளத்து மீன் துள்ளுவதும், பக்கத்தில் நிற்கிறவரின் மூச்சும் கேட்டது. பெண் பார்க்க வருகிறவர்களை நிப்பு நேரத்துக்கு வரச்சொன்னார்கள், பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது தெரியாதது பேசினால் தெரியப்போகிறதா என்றார்கள். இரண்டு கடைக்காரர்கள் கடைக்கு நிப்பு என்று பெயரை மாற்றினார்கள், அது கொஞ்சம் அதிகம்தான்.

ஜெபக்கனியின் வீடு பூங்காவுக்கு எதிரில். பஸ் ஏறாமல், கழுத்து வலிக்காமல், அவள் உயிரை விட்ட பாட்டு அவள் வாசலிலேயே தினமும் புதிதாக நடந்தது, ஒருநாளும் முந்திய நாளைப்போல இல்லை. சேலை உலர்த்திக்கொண்டே கேட்டாள், விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள், நிப்பு வரும்போது வாசற்படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள், சந்தோஷத்தில் சில நாள் அழுதாள். 'இப்போதான் சோறு சூடா இருக்கு' என்று தனராஜ் சொன்னார். அவரும் அவள் பக்கத்தில் உட்காரத் தொடங்கியிருந்தார், பாட்டுக்காக என்று ஒப்புக்கொள்ளவில்லை.

தை மாதம் நாகர்கோவிலில் ஈரச்சாக்கு வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஜெபக்கனி போனாள். மேடையில் நான்கு பேரும் வாசித்தார்கள், விரல்கள் ஓடின, டைட்டஸின் குச்சிகள் தோலில் விழுந்து எழுந்தன, ஆனால் எதிலும் சத்தம் இல்லை. ஒயரை மாற்றினார்கள், ஆம்ப்ளிஃபையரை மாற்றினார்கள், சவுண்டுக்காரர் ஜெபக்கனியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வெறும் கையால் தட்டினாலும் பொத்தென்று ஒரு சத்தம் வரவேண்டிய டிரம், பஞ்சு மூட்டைபோலக் கிடந்தது. கூட்டம் கூச்சல் போட்டுவிட்டுக் கலைந்தது. அந்த நான்கு பேரும் ஆரல்குறிச்சிக்கு வந்துபோன நாளிலிருந்து எங்கே ஏறினாலும் இதுதான் நடக்கிறது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னபோது, ஜெபக்கனிக்குக் காரணம் விளங்கிவிட்டது. ஒரு பாட்டை முடிக்காமல் அடுத்த பாட்டுக்குக் கை வராது. அவர்களைப் பார்க்காமலேயே கடைசி பஸ் பிடித்து ஊர் திரும்பினாள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் என்ன செய்யவேண்டியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு மாதம் போல் கழித்து டைட்டஸே வந்தான். பூங்காவின் சிமெண்டு பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை, ஸ்பெஷல் கிளாஸ் முடித்துப் பொழுது சாயும்போது வந்த ஜெபக்கனி பார்த்தாள்.

"எப்ப வந்தே மக்கா?"

"மத்தியானமே வந்தாச்சு டீச்சர். சும்மா கேட்டுட்டு இருக்கேன்." அவன் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "நல்லா இருக்கு டீச்சர். நாங்க வாசிச்சதவிட நல்லா இருக்கு. அந்த ஏழாம் சுத்துல குக்கர் விசில் வருதே, அது எனக்குத் தோணியிருக்காது."

"அடுத்து எங்க வாசிக்கப் போறீங்க?"

"இனி எங்க? மஸ்கட்ல ஏசி மெக்கானிக் வேலை ஒண்ணு வந்திருக்கு. வார மாசம் போறேன். நிக்சன் அவன் மாமா கடையில நிக்கான்." பையைத் திறந்து மஞ்சள் பொன்னாடையை எடுத்தான். "அம்மை இத டிவி மேல போட்டு வச்சிருந்தா. போறதுக்கு முன்னால உங்க ஊர்லயே குடுத்துட்டுப் போலாம்னு கொண்டுவந்தேன். எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல டீச்சர். ஒரு பாட்டாவது ஒரு எடத்துல நிலைச்சு நிக்குதே."

அப்போது நிப்பு வந்தது. ஜெபக்கனி வழக்கம்போலக் கண்ணை மூடப் போனவள், மூடாமல் டைட்டஸைப் பார்த்தாள். அவனுடைய வலது கை மடியிலிருந்து தானாக எழுந்து, வெறும் விரல்களுக்கிடையில் இல்லாத குச்சியைப் பிடித்துக்கொண்டு, இறங்க வழி தெரியாமல் அந்தரத்தில் நின்றது, பாட்டு மறுபடி தொடங்கியதும் மெல்ல மடிக்குத் திரும்பியது. தினமும் இந்த நேரத்துக்கு நாகர்கோவிலில் எந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும் இந்தக் கை இப்படித்தான் எழுந்திருக்கும் என்று ஜெபக்கனிக்குத் தெரிந்துபோயிற்று. இத்தனை நாள் வாசற்படியில் உட்கார்ந்து தான் குடித்த அமைதி, இந்தப் பையனின் கையில் இருந்து எடுத்தது.

"நீ இன்னைக்குப் போகாத. எங்க வீட்ல இரு," என்றாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் கேட்டபடி ஊர் பூங்காவில் கூடியது. பாட்டை முடித்து அனுப்பவேண்டும் என்று அவள் சொன்னதும், எழுந்த எதிர்ப்பு லேசானதல்ல. நிப்பு இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் மாமியார் மருமகள் ஒருநாள் தாங்க மாட்டோம் என்றாள் செல்வமணி. டீ ஆற்றுவதற்குக் கை பழகிவிட்டது, இனி தாளம் இல்லாமல் எப்படி ஆற்றுவது என்றார் காசிம் பாய். பெயரை மாற்றிய கடைக்காரர்கள் போர்டுக்குச் செலவழித்ததைச் சொன்னார்கள். கடைசியில் சுடலைமுத்து அண்ணாச்சி எழுந்தார்.

"டீச்சர், நீங்க கூட்டிட்டு வந்த பாட்டு, நீங்களே போகச் சொல்லுதீங்களே. தானா வந்து தங்கின ஒண்ண எதுக்கு முடிச்சு வைக்கணும்? அதுக்கு இங்க என்ன கொறை?"

"தானா தங்கல அண்ணாச்சி," என்றாள் ஜெபக்கனி. இதைச் சொல்லாமல் விடமுடியுமா என்று ராத்திரி முழுக்க யோசித்திருந்தாள், முடியவில்லை. "நீங்க அன்னைக்குப் பொன்னாடை போத்தினீங்கல்லா, அப்போ பாட்டு முடியல. ஒரு அடி பாக்கி இருந்துச்சு. அந்த அடிக்குத்தான் அது இன்னும் நிக்கு. அது நிக்கதுனால இந்தப் பிள்ளைங்களுக்கு வேற பாட்டே வரமாட்டேங்கு. டிரம்ல சத்தமே இல்ல."

எத்தனையோ மேடையில் எத்தனையோ பேருக்கு மனசார பொன்னாடை போர்த்தியவர், அதை இப்படி ஒருவன் சுமந்துகொண்டிருப்பான் என்று நினைத்தே பார்க்காத சுடலைமுத்து அண்ணாச்சி, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற டைட்டஸைத் தேடிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, அன்னைக்கே ஒதறிட்டு அடிச்சிருக்கலாம்லா?"

"எப்படி அண்ணாச்சி ஒதற? நீங்க பிரியமாத்தானே போத்தினீங்க," என்றான் டைட்டஸ்.

அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. "போத்தினவன்தான் எடுக்கணும்," என்று மட்டும் அண்ணாச்சி சொன்னார், தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நிக்சனும் மற்ற இருவரும் அடுத்த நாள் வந்தார்கள். மேடையில் டிரம்ஸை வைத்தார்கள், கிடாரை மாட்டிக்கொண்டார்கள், ஒயர் எதுவும் தேவைப்படவில்லை. ஊர் முழுக்கப் பூங்காவுக்கு வந்திருந்தது, பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேராக வந்தார்கள். டைட்டஸ் பொன்னாடையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, இரண்டு கையும் உள்ளே இருக்க, டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தான். ஜெபக்கனி, சவுண்டு மேசையே இல்லாதபோதும், அது அன்று இருந்த இடத்தில் போய் நின்றாள். பாட்டு டீக்கடைப் பக்கத்திலிருந்து வந்தது. வீட்டுக்கு வருகிற ஆளைப்போல மேடையேறியது. நிக்சனின் விரல்கள் ஓட, சத்தம் விரல்களுக்கு அடியிலிருந்து வருகிறதா பாட்டிலிருந்து வருகிறதா என்று பிரிக்கமுடியாமல், ஊர் இத்தனை மாதம் அதற்குக் கொடுத்த எல்லாமும், விசிலும் மணியும் பாங்கும் மாட்டுக் கழுத்துச் சலங்கையும், ஒவ்வொன்றாக மேலே எழுந்து, தங்கள் தங்கள் சத்தத்தை அடையாளம் கண்டவர்கள் ஒருவரை ஒருவர் தொட்டுக் காட்ட, காற்றாலைகள் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, நின்றது.

நிப்பு. அன்றைய நிப்பைப்போல ஒன்றை ஆரல்குறிச்சி அதற்கு முன்னால் கேட்டதில்லை. கைக்குழந்தைகள்கூட அழவில்லை. சுடலைமுத்து அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு, பலகை முனகாமல் ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து மேடையேறினார். டைட்டஸின் பின்னால் போய் நின்று, பொன்னாடையின் இரண்டு முனையையும் பிடித்து, தூங்குகிற பிள்ளையின் போர்வையை விலக்குவதுபோல, விலக்கி எடுத்தார். ஒரு மனிதருக்குப் பொன்னாடையை எடுத்து மரியாதை செய்ததை அந்த ஊர் அன்றுதான் பார்த்தது. டைட்டஸின் வலது கை வெளியே வந்தது, எழுந்தது, நின்றது.

ஜெபக்கனிக்கு ஒரு கணம், வேண்டாம் என்று கத்தவேண்டும்போல இருந்தது. கத்தவில்லை.

அடி விழுந்தது. ஒரே ஓர் அடி. அது எல்லார் நெஞ்சிலும் கதவைத் தட்டியதுபோல விழுந்து, பூங்காவைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, குளத்துத் தண்ணீரைச் சிலிர்க்கவைத்து, மலைப்பக்கமாகப் போய்த் தேய்ந்தது. அதன் பின்னால் வந்த அமைதியில் யாரும் எதற்கும் காத்திருக்கவில்லை. டைட்டஸ் குச்சிகளை மெல்லக் கீழே வைத்தான்.

யாரும் கை தட்டவில்லை. ஊர் மொத்தமும் ஜெபக்கனியைத் திரும்பிப் பார்த்தது. மேடையில் பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்ற சுடலைமுத்து அண்ணாச்சி, அங்கிருந்தே, பாதி மூச்சில் கேட்டார்:

"டீச்சர், இப்ப முடிஞ்சிட்டா?"

தட்டினால் முடிந்துவிடும் என்று தெரிந்ததால் அவள் கைகள் சேர மறுத்தன. பக்கத்தில் நின்ற தனராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி," என்றாள் ஜெபக்கனி, கை தட்டினாள்.

அப்புறம் ஊர் தட்டியது, இத்தனை மாதம் தட்டாமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துத் தட்டியது, உள்ளங்கை சிவக்கத் தட்டியது, அண்ணாச்சி பொன்னாடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அழுதுகொண்டே தட்டினார். கைதட்டல் ஓய்ந்தபோது ஆரல்குறிச்சியில் பாட்டு இல்லை. காற்றாலை இறக்கைகள் சுற்றுகிற சத்தம் மட்டும் இருந்தது. நான்கு பேரும் மேடையில் அசையாமல் இருந்தார்கள். நிக்சன் கிடாரைத் தொட்டுப் பார்க்கப் பயந்து கையை விலக்கி வைத்திருந்தான்.

அந்தச் சமயத்தில்தான், தன் வாழ்நாள் முழுக்க எந்தக் கச்சேரியிலும் எந்தக் கூட்டத்திலும் செய்யாததை, யார் செய்தாலும் பொறுக்காததை, கஞ்சி போட்ட சேலையில் நின்ற ஜெபக்கனி டீச்சர் செய்தாள். கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு, மேடையைப் பார்த்து, ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்:

"இன்னொண்ணு வாசிங்க மக்கா!"

டைட்டஸ் அவளைப் பார்த்துச் சிரித்தான். குனிந்து குச்சிகளை எடுத்தான், ஒன்று இரண்டு மூன்று என்று ஒன்றோடொன்று தட்டினான், அந்தச் சின்னச் சத்தம் பூங்காவின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.